அந்த மாணவர்கள் திரையில் என்ன படிக்கிறார்கள்?

பக்கவாதத்திற்குப் பிறகு எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் சிகிச்சை பெற்றுவரும் ஒரு பெரியவரின் மகள், சென்ற மாதம் ஒரு பிற்பகலில் என்னைத் தனியே சந்தித்தார். தயங்கித் தயங்கியே பேசினார். "தப்பா நினைக்காதீங்க டாக்டர். காலையில அப்பாவைப் பார்க்க வர்ற பிசியோதெரபி பிள்ளைங்க, மத்தியானம் ஆனா அந்த மூலை அறையில கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்காங்க. இவ்வளவு நோயாளிங்க இங்கே இருக்கும்போது, வைத்தியத்தைக் கம்ப்யூட்டர்ல பார்த்தா படிக்கிறது? அதைப் பார்த்துட்டு வந்துதான் அப்பா மேல கை வைக்கிறாங்களா?"

அவருடைய குரலில் கோபம் இல்லை, அச்சம் இருந்தது. அந்த அச்சம் நியாயமானது. நடைபாதையில் நின்றபடியே நான் அன்று சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. உங்களில் பலருக்கும் அதே ஐயம் இருக்கக்கூடும் என்பதால், இந்த இதழில் அதற்குச் சற்று விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன். இது மருத்துவமனையின் அறிவிப்பு அன்று. மறுவாழ்வு மருத்துவத்தில் பணியாற்றிவரும் ஒரு மருத்துவரின் தனிப்பட்ட கருத்து.

நீங்கள் படித்த பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் முதலில் 'எடுத்துக்காட்டு' என்று ஒரு கணக்கு இருக்கும். அதன் கீழே 'தீர்வு' என்று போட்டு, ஒவ்வொரு வரியாக அது எப்படிச் செய்யப்பட்டது என்று காட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் 'பயிற்சி' வரும். ஆசிரியர் கரும்பலகையில் எடுத்துக்காட்டைச் செய்து காட்டாமல் நேரடியாகப் பயிற்சிக்குப் போனால், வகுப்பில் பாதிப்பேர் விழித்துக்கொண்டு நிற்போம்.

அந்த மூலை அறையில் எங்கள் மாணவர்கள் பார்ப்பது அத்தகைய எடுத்துக்காட்டுகளைத்தான். கணக்குக்குப் பதிலாக அதில் ஒரு நோயாளியின் கதை இருக்கிறது. அனுபவமுள்ள சிகிச்சையாளர் ஒருவர் எந்தக் கேள்வியை முதலில் கேட்டார், ஏன் கேட்டார், பதிலைக் கேட்டதும் என்ன நினைத்தார், எதைச் சந்தேகித்தார், எதைச் சோதித்துப் பார்த்து விலக்கினார் என்பது படிப்படியாக எழுதப்பட்டும் பேசப்பட்டும் இருக்கிறது. நோயைப் பற்றிய பாடம் புத்தகத்தில் உண்டு. நோயாளியின் முன் நின்று சிந்திப்பது எப்படி என்பது புத்தகத்தில் எளிதில் கிடைப்பதில்லை. அதைக் கற்பிக்கவே இந்த ஏற்பாடு.

நான் கற்ற விதம்

எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருந்ததில்லை. பேராசிரியர் வார்டைச் சுற்றி வருவார். நாங்கள் பின்னால் போவோம். அவர் இரண்டு கேள்விகள் கேட்பார், ஓரிடத்தைத் தொட்டுப் பார்ப்பார், நோயின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். விடை எங்களுக்குக் கிடைத்துவிடும். அந்த விடைக்கு அவர் எந்த வழியில் போய்ச் சேர்ந்தார் என்பது அவர் மனத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி, இடது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்று வந்தார். நடக்கும்போது விரல்கள் தரையில் உரசின. செருப்பு கழன்று கழன்று விழுந்தது. இதை மருத்துவத்தில் ஃபுட் டிராப் என்பார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் முதுகுவலி இருந்ததாகவும் சொன்னார். முதுகுவலியும் பாதம் தொங்கிப்போனதும் சேர்ந்தால் தண்டுவட வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று நான் உடனே முடிவுகட்டினேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அவர் கணவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஸ்கேனில் ஒரு வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது தெரிந்தது. என் முடிவு சரியென்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு தொடங்கியது.

மறுநாள் என் ஆசிரியர் வந்தார். படத்தைப் பார்க்கும் முன் அந்தப் பெண்மணியிடம், "அம்மா, என் கையை எதிர்த்துப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்புங்கள்" என்றார். அவர் நல்ல வலுவுடன் திருப்பினார். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அடுத்துக் கேட்டார். "காட்டு வேலைதாங்க. கடலைக் காட்டுல பத்து நாளா குந்திக் குந்திக் களை வெட்டினேன்" என்றார் அவர். ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுவை சிகிச்சைப் பேச்சு அத்துடன் நின்றது. சில மாதங்களில் அந்தப் பெண்மணியின் பாதம் தானாகவே வலுப்பெற்றது. அடகுக் கடைக்குப் போன சங்கிலியைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை.

அந்தக் கணத்தில் என் ஆசிரியரின் மனத்தில் என்ன ஓடியது என்பது எனக்குப் புரியப் பல நாட்கள் ஆயின. இன்று எங்கள் மாணவர்களின் திரையில் உள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, அந்தப் பெண்மணியின் அடையாளங்களையெல்லாம் நீக்கி, என் தவற்றை நீக்காமல் நான் எழுதியது.

ஓர் எடுத்துக்காட்டு எப்படி இருக்கும்?

அது ஏறத்தாழ இப்படிப் போகும். முதல் படியில் நோயாளி நடக்கும் காட்சி. மாணவர் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பாதம் தொங்குவதால், அது தரையில் தட்டாமலிருக்க அவர் முழங்காலை உயரத் தூக்கி வைப்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படியில் சிகிச்சையாளரின் எண்ணம்: "இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முதுகுத்தண்டிலிருந்து புறப்படும் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் அழுந்தியிருக்கலாம். அல்லது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகத் தோலை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். தொழுநோயும் இதே நரம்பைத் தாக்கும் என்பதை நம் நாட்டில் மறக்கக் கூடாது. மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதுகுவலி இருந்தது என்று கேட்டதும் என் மனம் வட்டுப் பிதுக்கத்தின் பக்கம் சாய்கிறது. அதனாலேயே நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்."

மூன்றாம் படி, இவற்றைப் பிரித்தறியும் சோதனை. பாதத்தை மேலே தூக்கும் தசைகள் இரண்டு நிலைகளிலும் வலுவிழக்கும். ஆகவே அதைச் சோதித்துப் பயனில்லை. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பும் தசைக்கு வேறொரு நரம்பின் வழியாகக் கட்டளை வருகிறது. ஆனால் அந்தக் கட்டளை புறப்படுவதும் முதுகிலுள்ள அதே வேரிலிருந்துதான். எனவே வேர் பாதிக்கப்பட்டால் உள்பக்கம் திருப்பும் வலுவும் குறையும். காலைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசையும் தளரும். முழங்காலருகே நரம்பு அழுந்தியிருந்தால் இவை இரண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கையால் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை, செலவில்லை.

நான்காம் படி, நோயாளியின் அன்றாடம்: என்ன வேலை, எப்படி உட்காருகிறார், அண்மையில் காலில் கட்டுப் போட்டிருந்தாரா, உடல் எடை வேகமாகக் குறைந்ததா. நெடுநேரம் குந்தி உட்காருவதும், கால்மேல் கால் போட்டு உட்காருவதும் அந்த நரம்பை அழுத்தும். உணர்ச்சியற்ற தேமல் உண்டா, நரம்பு தடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி, ஆபத்து அறிகுறிகள்: சிறுநீர் போவதில் சிக்கல், ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சிக் குறைவு, இரண்டு கால்களிலும் பலவீனம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடற்பயிற்சியைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு அந்த நிமிடமே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இறுதிப் படி, என்ன செய்வது, எப்போது மீண்டும் பார்ப்பது, எதிர்பார்த்தபடி முன்னேறாவிட்டால் எந்த முடிவை மறுபரிசீலனை செய்வது. அதன் பிறகு நான் அன்று செய்த தவறு வருகிறது. 'ஸ்கேன் சரியாகத்தானே சொன்னது, எங்கே பிழை?' என்று மாணவரிடம் கேட்கிறோம். நடுவயதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் வட்டுப் பிதுக்கம் தெரியும்; படத்தில் இருப்பதெல்லாம் நோயாளியின் துன்பத்துக்குக் காரணமாகிவிடாது என்பதை அவர்களே கண்டு எழுத வேண்டும்.

இது சோம்பேறித்தனம் அல்லவா?

என் சக மருத்துவர்கள் சிலர், "எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் பிள்ளைகள் எப்போது மெல்லக் கற்பார்கள்?" என்று கேட்கிறார்கள். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுமொழி இருக்கிறது.

புதிதாக ஒன்றைக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே தாங்கும். நோயாளியின் முன் முதன்முதலில் நிற்கும் மாணவர், கேள்வியை நினைவுகொள்ள வேண்டும், பதிலைக் கவனிக்க வேண்டும், எலும்பும் தசையும் நரம்பும் நினைவில் இருக்க வேண்டும், நோயாளியின் முகத்தையும் பார்க்க வேண்டும். இத்தனையும் சேர்ந்து அழுத்தும்போது கற்பதற்கு இடமே இருக்காது. 1985-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் என்ற இருவர் இயற்கணிதம் கற்கும் மாணவர்களிடம் இதை ஆராய்ந்தனர். செய்து காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாமே முட்டிமோதிக் கணக்குப் போட்டவர்களைவிடக் குறைந்த நேரத்தில், குறைந்த பிழைகளுடன் அதே வகைக் கணக்குகளைச் செய்தார்கள். வேறு வகைக் கணக்குகளில் அந்த நன்மை தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பின்னாளில் வந்த ஆய்வுகள் இன்னோர் எச்சரிக்கையையும் தந்தன. தேறியவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் உதவுவதில்லை. சில வேளைகளில் தடையாகவே ஆகின்றன. எனவே தூணைப் படிப்படியாக அகற்ற வேண்டும். எங்கள் வரிசையில் முதல் எடுத்துக்காட்டில் எல்லாப் படிகளும் இருக்கும். அடுத்ததில் கடைசிப் படியை மாணவரே எழுத வேண்டும். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு. இறுதியில் நோயாளியின் கதை மட்டுமே இருக்கும்; சிந்தனை முழுவதும் மாணவருடையது.

வெறுமனே படித்துக்கொண்டு போனாலும் பயனில்லை. அமெரிக்காவில் மிஷலீன் சி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியலில் சிறந்து விளங்கிய மாணவர்கள் ஒவ்வொரு படியையும் 'இது ஏன்?' என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டதைக் கண்டார்கள். அதனால்தான் எங்கள் திரை ஒவ்வொரு படியிலும் நின்று, மாணவர் தம் காரணத்தை எழுதிய பிறகே அடுத்த படிக்குப் போகிறது.

என் கவலைகள்

இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

முதல் கவலை, எடுத்துக்காட்டுகள் மிகவும் ஒழுங்காக இருப்பது. உண்மையான நோயாளி தம் கதையை ஐந்து படிகளாகப் பிரித்துக்கொண்டு வருவதில்லை. மேலும், முழங்கால் நரம்பு எடுத்துக்காட்டை நேற்றுப் படித்த மாணவருக்கு இன்று தொங்கும் பாதமெல்லாம் முழங்கால் நரம்பாகவே தெரியும். ஒரு நோயில் திறமையாகச் சிந்தித்தவர் இன்னொரு நோயில் தடுமாறுவார் என்பதை ஆர்தர் எல்ஸ்டீன் முதலியோர் மருத்துவர்களை ஆராய்ந்து 1978-இலேயே எழுதிவிட்டார்கள். ஆகையால் ஒன்றைத் தனியே காட்டக் கூடாது. ஒரே அறிகுறியுடன் வந்து, வெவ்வேறு விடைகளில் முடியும் இரண்டு மூன்று கதைகளை அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்திவருகிறேன்.

இரண்டாவது கவலை, கை. தசையின் வலுவைச் சுழியத்திலிருந்து ஐந்து வரை மதிப்பிடுகிறோம். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டைத் திரை சொல்லும், உணர்த்தாது. இறுகிப்போன தோளை எவ்வளவு நகர்த்தினால் போதும், எந்த இடத்தில் நோயாளி மூச்சைப் பிடிக்கிறார் என்பதைத் தொட்டுத்தான் அறிய முடியும். திரையில் கழிக்கும் நேரம் கட்டிலருகே கழிக்கும் நேரத்தைக் குறைத்தால், அந்த ஏற்பாட்டை முதலில் எதிர்ப்பவன் நானாகவே இருப்பேன். 2020-இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது திரை ஒன்றே கதியாயிற்று. அது வேறு வழியில்லாத காலம். அதையே வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது கவலை, மனிதர். இயன்முறை சிகிச்சையில் நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதுடன் வேலை முடிவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை பயிற்சி என்று எழுதிக்கொடுப்பது எளிது. வீட்டில் இருப்பது மகள் மட்டும், அவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார் என்றால், அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பெரியவருக்கு வேண்டியது மாடிப்படி ஏறுவதா, யாருடைய உதவியும் இன்றிக் கழிவறைக்குப் போவதா என்று கேட்காமல் தொடங்கும் சிகிச்சை யாருடைய சிகிச்சை? எடுத்துக்காட்டில் அந்தக் கேள்வியும் ஒரு படியாக இருந்தாக வேண்டும்.

இதில் உங்கள் பங்கு

இனி அந்த மகளின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய தந்தையின் மேல் கை வைக்கும் முன் அந்த மாணவர், அதே நிலையிலுள்ள பலரின் கதைகளைத் திரையில் கடந்து வந்திருக்கிறார். அங்கே அவர் செய்த பிழைகளால் யாருக்கும் வலிக்கவில்லை. யாருடைய சங்கிலியும் அடகுக்குப் போகவில்லை. அதன் பிறகும் அவர் தனியாக வருவதில்லை. மூத்த சிகிச்சையாளர் ஒருவர் உடன் நிற்கிறார். நான் அந்த வயதில் வந்ததைவிட அவர் ஆயத்தமாக வருகிறார் என்று உறுதியாகச் சொல்வேன்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. மாணவர் உங்களிடம் ஒரு சோதனை செய்யும்போது, "ஏன் தம்பி இதைச் செய்கிறாய்?" என்று கேளுங்கள். அது அவமரியாதை அன்று. அவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. காரணம் தெரியாவிட்டால் கேட்டு வந்து சொல்லட்டும். அவர் கேட்க மறந்ததை நீங்களாகச் சொல்லுங்கள்: உங்கள் தொழில், உட்காரும் விதம், தூங்கும் விதம், எப்போதிலிருந்து எது முடியாமல் போயிற்று என்பது. அன்று அந்தப் பெண்மணியிடம் நான் தொழிலைக் கேட்கவில்லை. 'டாக்டர் கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும்' என்று அவரும் இருந்துவிட்டார்.

உங்கள் கதையையோ நடைக் காட்சியையோ எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த அனுமதி கேட்டால், யோசித்து முடிவு செய்யுங்கள். எது பதிவாகும், முகம் தெரியுமா, யார் பார்ப்பார்கள் என்று கேட்டறிந்துகொள்ளுங்கள். மறுப்பது உங்கள் உரிமை; மறுத்ததால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது, வராது. சம்மதித்தால், நீங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு நோயாளிக்கு உதவியவராவீர்கள்.

இறுதியாக, வீட்டில் பராமரிப்பவர்களுக்கு ஒரு சொல். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைச் சிகிச்சையாளர் செய்து காட்டும்போது, நீங்களும் ஓர் எடுத்துக்காட்டைத்தான் படிக்கிறீர்கள். முதல் நாள் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் கேளுங்கள். அடுத்த நாள் அவருடன் சேர்ந்து செய்யுங்கள். அதற்கடுத்து அவர் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் செய்யுங்கள். 'பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள்' என்று மட்டும் கேட்டவர் அவசரத்தில் மறந்துவிடுவார். அந்தத் தோளைத் தாங்கும் தசைகள் வலுவிழந்திருப்பதால் இழுத்தால் மூட்டு நழுவி வலி வரும் என்று காரணம் அறிந்தவர் மறக்க மாட்டார்.

அந்த மகளிடம் சென்ற வாரம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நாளைக்கு அந்தப் பொண்ணு வரும்போது, ஏன்னு கேட்கலாமா டாக்டர்?" என்றார். கேளுங்கள் என்றேன். மறுநாள் கேட்டாராம். அந்த மாணவிக்கு முதலில் பதில் வரவில்லை. ஓடிப்போய் மூத்த சிகிச்சையாளரிடம் கேட்டறிந்து, திரும்பி வந்து சொன்னாராம்.